சுட்டவன் யாரென்று தெரிந்த பிறகு: குற்றப்புனைவு எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வழக்கமான துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்தில் பிணம் கிடைக்கும், கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் கிடைப்பான். ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்ற சம்பவத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு முதல் பக்கத்திலேயே குலைந்துவிடும். சுட்டவன் பெரும்பாலும் அங்கேயே செத்துக் கிடப்பான், இல்லையென்றால் சீக்கிரமே பிடிபட்டிருப்பான். பெயர், வயது, துப்பாக்கி எல்லாம் அன்றைய இரவுச் செய்திக்குள் வந்துவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் திணறுவது இங்கேதான். சூட்டை நாற்பது பக்கம் எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டாவது கொலைகாரன் ஒருவனை இழுத்துவருகிறார்கள்.

அவன் தேவையில்லை. யார் சுட்டது என்பது தீர்ந்துபோனாலும், யாருக்கு எப்போது என்ன தெரிந்திருந்தது என்பது வருடக்கணக்கில் தீராது. கதைக்கான சரக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பமும் தூக்கம் போன காவலரும் அந்த ஒரே கேள்வியை எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள்.

1. எழுதுமுன் கேள்வியை முடிவுசெய்யுங்கள்

ஒரு நாவலுக்கு ஒரு மையக் கேள்வி போதும். நடைமுறையில் நான்கு வகைக் கேள்விகள் கதையைத் தாங்குகின்றன.

முதலாவது, துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டவனுக்குத் துப்பாக்கி விற்கப்பட்டதற்கு ஒரு காரணம் அலுவலகக் காலக்கெடு. அமெரிக்க மத்திய சட்டப்படி பின்னணிச் சோதனைக்கு மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2017-இல் டெக்ஸாஸின் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவன், விமானப்படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்குத் தண்டனை பெற்றவன். அந்தத் தண்டனையை விமானப்படை எஃப்.பி.ஐ.-யின் பட்டியலுக்கு அனுப்பவில்லை. அனுப்பப்படாத ஒரு படிவத்தைத் தேடிப் போகும் துப்பறிவாளரை வைத்தே முழு நாவல் எழுதலாம்.

இரண்டாவது, முன்கூட்டி யாருக்குத் தெரியும். 2018 ஜனவரியில், ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளிச் சூட்டுக்கு ஒரு மாதத்துக்கு முன், சுட்ட இளைஞனைப் பற்றி எஃப்.பி.ஐ.-யின் தகவல் எண்ணுக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. அது மயாமி அலுவலகத்துக்கு அனுப்பப்படவே இல்லை.

மூன்றாவது, அந்த நிமிடங்களில் யார் என்ன செய்தார்கள், செய்யவில்லை. காவலர்களைக் கதையின் நடுவே நிறுத்த விரும்பினால் இதைவிடக் கூர்மையான கேள்வி கிடையாது.

நான்காவது, பிறகு நடக்கும் குற்றம்: நன்கொடைப் பணத்தில் மோசடி, போலி உறவினர், இறந்த குழந்தை இருந்ததே இல்லை என்று சொல்லிப் பெற்றோரை மிரட்டுகிறவர்கள். முதல் நாவலுக்கு இதுவே சுலபம். புதிய குற்றவாளி, புதிய தடயம், முடிவு எல்லாம் இயல்பாகக் கிடைத்துவிடும். ஆனால் பழைய சூடு வெறும் பின்னணிப் படமாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் இதில்தான் அதிகம்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். "பின்கதவு ஏன் பூட்டப்படவில்லை?" என்பது கேள்வி. "சமூகம் ஏன் இப்படி ஆனது?" என்பது தலையங்கம். அதை வைத்து அத்தியாயம் எழுத முடியாது.

2. நாடும் வருடமும்

நம் எழுத்தாளர்கள் அமெரிக்காவில் கதையை வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர், ஏட்டு, எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் என்று நம்மூர் நடைமுறையை அப்படியே அங்கே இறக்கிவிடுகிறார்கள். அங்கே நகரக் காவல், கவுண்டி (மாவட்டம் போன்றது) ஷெரிஃப், மாநிலக் காவல், எஃப்.பி.ஐ. என நான்கு சீருடைகள் ஒரே வாசலில் நிற்கும். யார் பொறுப்பு என்பதே முதல் சண்டை. எஃப்.பி.ஐ. வந்தவுடன் வழக்கைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது திரைப்படப் பழக்கம். 2013 ஜனவரியில் கையெழுத்தான ஒரு மத்திய சட்டம், மூன்று பேரோ அதற்கு மேலோ கொல்லப்படும் சம்பவங்களில் மாநிலம் கேட்டால் அது உதவ வழிசெய்கிறது. பெரும்பாலும் கொலை வழக்கு மாநிலத்தினுடையதுதான். பிணத்துக்குப் பொறுப்பானவர் சில கவுண்டிகளில் மருத்துவர், சிலவற்றில் தேர்தலில் ஜெயித்த கரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரி. உங்கள் கவுண்டியில் யார் என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

வேறு நாடென்றால் சட்டமே வேறு. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் 1997-இல் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதை ஏறக்குறைய முழுவதும் தடைசெய்தது. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர். அதன்பின் அரசு துப்பாக்கிகளை விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. நியூசிலாந்து, 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த சூட்டுக்குப் பிறகு, ஒரு மாதத்துக்குள் சட்டத்தை மாற்றியது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய லண்டனில் நடக்கும் கதையில் ஒருவன் கடைக்குப் போய்ப் பிஸ்டல் வாங்கினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

வருடம் ஏன் முக்கியம்? 1999-க்கு முன் அமெரிக்கக் காவலர்கள் கட்டடத்தைச் சுற்றிவளைத்து, ஸ்வாட் என்னும் சிறப்பு ஆயுதப் படை வரும்வரை காத்திருக்கத்தான் பயிற்றுவிக்கப்பட்டார்கள். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் அப்படிக் காத்திருந்தபோது உள்ளே ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்தார். அதன்பிறகு முதலில் வருகிறவர்கள் உடனே உள்ளே போக வேண்டும் என்பது பயிற்சியாயிற்று. எனவே 1998-இல் வெளியே நிற்கும் காவலர் விதியைப் பின்பற்றுகிறார். 2022-இல் வெளியே நிற்பவர் விதியை மீறுகிறார். ஒரே செயல், இரண்டு வேறு கதாபாத்திரங்கள்.

3. நிமிட அட்டவணை

ஒரு பெரிய தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: உண்மையான நேரம், நடந்தது, அது தெரிந்தவர், அவர் நம்பியது. நான்காவது பத்திதான் உங்கள் நாவல்.

முதலில் சூட்டின் நீளத்தை முடிவுசெய்ய வேண்டும். 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட, அரசு வழக்கறிஞரின் அறிக்கைப்படி, 11 நிமிடங்கள்கூட ஆகவில்லை. 2017-இல் லாஸ் வேகாஸில் சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்கள் சுடப்பட்டன. நார்வேயின் உட்டோயா தீவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. 2022-இல் டெக்ஸாஸின் யுவால்டி பள்ளியில் சூட்டின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் காவலர்கள் அந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் ஆயின. மொத்தம் 376 காவலர்கள் அங்கே வந்திருந்தார்கள். பத்து நிமிடச் சம்பவத்தில் கதாநாயகக் காவலர் வேறு ஊரிலிருந்து காரில் வந்து, மனைவிக்குப் போன் செய்து, மாடியேறிச் சுட்டவனோடு வசனம் பேச நேரமே கிடையாது. அட்டவணை போட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

பிறகு கோளாறுகளை நிரப்புங்கள். பெரிய சதி எதையும் யோசிக்க வேண்டாம், விசாரணை அறிக்கைகளில் வருவதெல்லாம் அற்பக் காரணங்கள்தான். பார்க்லாண்டில் மாணவர்களின் கைபேசி அவசர அழைப்புகள் பக்கத்து நகரத்தின் கண்ட்ரோல் ரூமுக்குப் போயின. அங்கிருந்து ஷெரிஃபின் கண்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதே சம்பவத்தில், கேமராப் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னதை நேரலை என்று வெளியே இருந்தவர்கள் நம்பினார்கள். சுட்டவன் எப்போதோ போய்விட்டிருந்தான். நார்வேயில், உட்டோயாவில் சுட்டவனே தீவுக்குப் போகுமுன் நடத்திய ஆஸ்லோ குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களில் ஒரு வழிப்போக்கர் சந்தேக நபரின் வண்டி எண்ணைப் போனில் சொன்னார். குறித்துக்கொண்ட தாள் ஒரு மேசையில் கிடந்தது. தீவுக்குப் போன காவலர்களின் படகு அதிகப் பாரத்தால் நின்றுபோய், பொதுமக்கள் படகுகளுக்கு மாற வேண்டியதாயிற்று. 2011 ஜூலை 22 அன்று மொத்தம் 77 பேர் இறந்தார்கள், 69 பேர் அந்தத் தீவில்.

உங்கள் அட்டவணையில் இப்படி மூன்று கோளாறுகள் போதும். ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் கையில் இருக்க வேண்டும், அவருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். தாளை மேசையில் வைத்தவர் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்?

"இரண்டாவது ஆள் சுடுகிறான்" என்ற பொய்த் தகவல் கிட்டத்தட்ட எல்லாச் சம்பவத்திலும் எழும், எதிரொலி காரணமாகவும் சாதாரண உடையில் துப்பாக்கியோடு ஓடும் காவலர்கள் காரணமாகவும். மர்மத்தை இதன்மேல் கட்டாதீர்கள். ஆனால் ஒரு குடும்பம் இதை விடாப்பிடியாக நம்புவதைக் கட்டலாம்.

4. காத்திருக்கும் அறை

நாவலின் சிறந்த அத்தியாயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவசரப்படாதீர்கள். இருபது பக்கம் தரலாம்.

சூடு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடம், தீயணைப்பு நிலையம் அல்லது தேவாலயத்தில் குடும்பங்களைக் கூட்டுவார்கள். பேருந்துகளில் பிள்ளைகள் வருவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். கூட்டம் மெல்லக் குறையும். கடைசியில் சில குடும்பங்கள் மட்டும் மிஞ்சும். யாரும் எதுவும் சொல்லாமலே அவர்களுக்குப் புரியத் தொடங்கும். சாண்டி ஹூக்கில் பெற்றோர் தீயணைப்பு நிலையத்தில் காத்திருந்தார்கள். இனி யாரும் வரப்போவதில்லை என்பதை ஆளுநரே சொல்ல நேர்ந்தது. யுவால்டியில் அடையாளம் காணப் பெற்றோரிடமிருந்து டி.என்.ஏ. மாதிரி எடுத்தார்கள். வாயின் உட்புறத்தைத் தடவும் ஒரு சின்னப் பஞ்சுக்குச்சி. அந்தக் குச்சியை ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு தகப்பனுக்கு எந்த நொடியில் உறைக்கிறது என்பதை எழுத வேண்டும். அழுகையை எழுத வேண்டியதில்லை.

ஏன் இத்தனை தாமதம்? புதியவர்களின் கதையில் காவலர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்பதால் தாமதம். உண்மையில் காரணங்கள் வேறு. உடல்கள் தடயம். ஒவ்வொன்றும் கிடந்த நிலை, கோணம், அருகே கிடக்கும் தோட்டாக் கூடுகள் எல்லாம் படமெடுக்கப்படும்வரை நகர்த்த முடியாது. பல உடல்கள் இரவு முழுக்க அங்கேயே இருக்கும். காயம்பட்டவர்கள் நான்கைந்து மருத்துவமனைகளுக்குப் பிரிந்து போயிருப்பார்கள், சிலர் பெயரில்லாமல். ஒருவர் பையில் இன்னொருவரின் அடையாள அட்டை இருக்கலாம். தவறான குடும்பத்துக்கு மரணச் செய்தி சொல்லிவிடுவதைவிடப் பத்து மணி நேரம் சும்மா இருப்பது மேல் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தைக் குடும்பம் மன்னிப்பதில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும் இந்த இடத்தில் கதையைத் தள்ளிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள், அது தானாக ஓடும்.

வெள்ளைத் துணியை விலக்கிக் காட்ட, தாய் அலறும் காட்சி திரையில் தேய்ந்துபோனது. பெரிய சம்பவங்களில் நேரில் பார்த்து அடையாளம் சொல்லச் சொல்வதைத் தவிர்க்கிறார்கள். முகத்தின் புகைப்படம், கைரேகை, பல் பதிவு, டி.என்.ஏ. ஆகியவற்றைத்தான் நாடுகிறார்கள்.

மரணச் செய்தி சொல்வதற்கும் முறை உண்டு. நேரில், இரண்டு பேராக, உட்காரவைத்து, நேரடிச் சொல்லில். சுற்றிவளைத்தால் என்ன ஆகும் பாருங்கள்:

"உங்கள் மகளை நாங்கள் இழந்துவிட்டோம்."

"இழந்துட்டீங்களா? அப்ப இன்னும் தேடலையா?"

இதே இடத்தில் பயிற்சி பெற்ற அதிகாரி, "உங்கள் மகள் இறந்துவிட்டாள்" என்பார், பிறகு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டாம். குடும்பத்துக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பதினான்கு வயது அண்ணன் அப்பாவுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்து, அந்த வாக்கியத்தை அவனே சொல்ல நேர்வது நடைமுறைத் தவறு. நாவலில் அந்தத் தவறைச் செய்த அதிகாரிக்குப் பெயர் வையுங்கள்.

மதச் சடங்கும் தாமதத்தோடு மோதும். கிறைஸ்ட்சர்ச்சில் 51 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இஸ்லாத்தில் உடலைக் கூடிய சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும். முதல் அடக்கங்கள் நடந்தது ஐந்து நாள் கழித்து, மார்ச் 20 அன்று.

சாண்டி ஹூக் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மாநிலக் காவலர் ஒதுக்கப்பட்டார். பிரிட்டனில் இப்படி வரும் குடும்பத் தொடர்பு அதிகாரி அடிப்படையில் ஒரு புலனாய்வாளர். அழும் வீட்டில் தேநீர் வாங்கிக் குடித்தபடி, அங்கே பேசப்படுவதையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும். துக்க வீட்டுக்குள் உரிமையோடு உட்காரும் ஒரு துப்பறிவாளர்! இந்த வகை நாவலுக்கு இதைவிட நல்ல பார்வைக்கோணம் அமையாது. அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் குடும்பத்திடம் சொல்லிவிட முடியாது, குடும்பம் சொன்னதை மறைக்கவும் கூடாது.

5. காவலர்கள்

சுட்ட காவலர் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது. அவர் துப்பாக்கியைத் தடயமாக வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுப்பார்கள். வெறும் உறையோடு நிற்கவிடுவது தண்டனைபோல இருக்கும் என்பதால் அப்படி. அந்த இடத்தில் அவரிடம் கேட்பது சில கேள்விகள்தான்: எந்தத் திசையில் சுட்டாய், வேறு எதிரி உண்டா, காயம்பட்டவர் எங்கே. விரிவான வாக்குமூலத்தைப் பல துறைகள் ஒன்றிரண்டு இரவு தூங்கிய பிறகே எடுக்கின்றன. துறைக்குள் நடக்கும் விசாரணையில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அந்தப் பதிலை அவர்மேல் குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது. இது 1967-இன் கேரிட்டி தீர்ப்பு. ஒரே அறையில் அடுத்தடுத்து இரண்டு விசாரணை நடக்கும்போது எதை எங்கே சொன்னார் என்பது நல்ல முடிச்சு.

நினைவும் ஏமாற்றும். சூட்டின் நடுவே காது அடைத்துப்போகும், நேரம் நீளும், பார்வை குழாய்போலக் குறுகும். நான்கு முறை சுட்டதாகச் சொல்வார். தரையில் ஒன்பது கூடுகள் கிடக்கும். அவர் பொய் சொல்லவில்லை. இதை உங்கள் துப்பறிவாளருக்குத் தெரியும்படியும், இறந்தவரின் தாய்க்குத் தெரியாதபடியும் அமையுங்கள்.

சுடாத காவலர்களை மறக்கிறார்கள். ஓடும் வழியில் "காப்பாத்துங்க" என்று காலைப் பிடித்தவரைத் தாண்டிப் போனவர். முதலில் நுழைகிறவர்கள் நிற்கக்கூடாது, சூட்டை நிறுத்துவதுதான் முதல் வேலை. 2012-இல் அரோரா திரையரங்கில் ஆம்புலன்ஸ் நெருங்க முடியாமல், காயம்பட்டவர்களைத் தம் ரோந்துக் காரின் பின்னிருக்கையில் மருத்துவமனைக்கு ஓட்டிப் போனவர்கள். வர்ஜீனியா டெக் பல்கலையில், 2007-இல், உடல்களின் சட்டைப்பையில் கைபேசிகள் அடித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டவர்கள். பிறகு கண்ட்ரோல் ரூமில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தவர். அவர் எதையும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டார். மறுநாள் துறை நடத்தும் மனநல அமர்வுக்கு அவரைக் கூப்பிட மறந்துவிடுவார்கள்.

மருத்துவச் சொல்லில் கவனம் தேவை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (பி.டி.எஸ்.டி.) என்று சொல்ல அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அதற்குள் என்றால், மூன்றாம் நாளிலிருந்து ஒரு மாதம்வரை, அதற்குக் கடும் மன அழுத்தக் கோளாறு என்று வேறு பெயர். இரண்டாம் அத்தியாயத்திலேயே மருத்துவர் பி.டி.எஸ்.டி. என்று எழுதிக்கொடுத்தால் அவர் போலி மருத்துவர். அதைவிட முக்கியம், உடனே காவலரின் கையில் மதுக்குப்பியைக் கொடுத்துவிடாதீர்கள். மனைவி ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும்போதுதான் காதில் விழுவது, கடையில் கதவைப் பார்த்தபடி உட்காருவது, மகளின் பள்ளிக்குள் நுழைய மறுத்துக் காரிலேயே இருப்பது. இவை போதும்.

குற்றச்சாட்டு வரும்போது கதை சூடுபிடிக்கும். பார்க்லாண்டில் வெளியே நின்ற பள்ளிக் காவலர்மேல் வழக்குப் போடப்பட்டு, 2023-இல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவர் விடுவிக்கப்பட்டார். சட்டப்படி விடுதலை, ஊர்ப்படி தண்டனை. உங்கள் கதாபாத்திரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யார் வணக்கம் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

6. துப்பாக்கியும் தடயமும்

அமெரிக்காவில் ஒரு பொத்தானைத் தட்டினால் துப்பாக்கிக்காரனின் பெயர் திரையில் வராது. அப்படியொரு மத்தியப் பதிவேடு வைக்கக்கூடாது என்று 1986-இன் சட்டமே தடுக்கிறது. தொடர் எண்ணை எடுத்துக்கொண்டு மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள, துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் தேடல் மையம் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கும், அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார், அவர் கடையைச் சொல்வார், கடைக்காரர் தன் அலமாரியிலிருந்து 4473 என்ற படிவத்தை எடுப்பார். கிடைப்பது முதலில் வாங்கியவரின் பெயர் மட்டுமே. அவர் கைமாற்றி விற்றிருந்தால் அங்கிருந்து நடந்து தேட வேண்டியதுதான். மூடப்பட்ட கடைகளின் பதிவுகளும் அதே மையத்தில்தான் குவிந்திருக்கின்றன, பெயர் போட்டுத் தேட முடியாத படங்களாக. அவசர வழக்கில் ஒரு நாளுக்குள் பதில் வந்துவிடும், ஆகவே இதில் ஆறு மாதம் இழுக்காதீர்கள். இரண்டாவது கை, மூன்றாவது கையில் இழுங்கள்.

அடிக்கடி வரும் பிழைகள்: ரிவால்வர் கூடுகளை வெளியே துப்பாது, தானியங்கி, அரைத்தானியங்கி வகைகள்தான் துப்பும். சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும், அழிக்காது. கட்டடத்துக்குள் முதலில் கேட்பவர்கள் பட்டாசு என்றோ மேசை விழுந்தது என்றோதான் நினைப்பார்கள். பார்க்லாண்டில் சூட்டின் புகையும் தூசியும் தீ எச்சரிக்கை மணியை அடிக்கவைத்தன. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். இது போன்ற ஒரு விவரம் பத்து வரி ரத்தத்தைவிட வேலை செய்யும்.

துப்பாக்கி வகைகளை ஆசையாக விவரிக்கும் பத்திகளை வெட்டிவிடுங்கள். சுட்டவனின் திட்டத்தையும் படிப்படியாகத் தர வேண்டாம். கதைக்குத் தேவையானது துப்பறிவாளர் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான்.

7. சுட்டவனின் வீடு

அந்த வீட்டிலும் ஒரு தாய் இருப்பாள். சோதனை வாரண்டோடு முப்பது பேர் நுழைந்து கணினி, மெத்தை, குப்பைக்கூடை எல்லாம் எடுத்துப் போவார்கள். அவள் மகனும் செத்துப்போயிருப்பான், அழ அவளுக்கு அனுமதி இல்லை. எங்கே புதைப்பது என்பதே வெளியே சொல்ல முடியாத விஷயமாகும். அவளைக் குற்றமற்றவளாக ஆக்குவதும் எளிது, அரக்கியாக ஆக்குவதும் எளிது. மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 2021-இல் சுட்ட சிறுவனின் பெற்றோர் இருவரும் 2024-இல் தனித்தனி வழக்குகளில், நோக்கமில்லா மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு நடப்பதாக எழுதும் கதையில், விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் தாய் சாட்சியா, குற்றவாளியா என்பது அவளுக்கே தெரியாது. வழக்கறிஞர் வேண்டும் என்று அவள் எப்போது கேட்கிறாள் என்பதை நிமிட அட்டவணையில் குறியுங்கள்.

சுட்டவனுக்குப் பார்வைக்கோண அத்தியாயம் வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. அவனுடைய அறிக்கையை எழுத ஆரம்பித்தால் அது நன்றாக வரும், அதுதான் தொல்லை. நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன், கிறைஸ்ட்சர்ச்சில் சுட்டவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நாவலாசிரியரும் அதைச் செய்யலாம். காவலர்கள் பேச்சில் "அவன்" என்றாலே யாரென்று தெரியும்.

8. பிந்தைய காலக்கோடு

வாசகர் எதிர்பார்க்காத திருப்பங்கள் எல்லாம் காலக்கோட்டின் இந்தப் பகுதியில் கிடக்கின்றன.

முதல் வாரத்தில் அடக்கங்கள், பூங்கொத்து மலை, தொலைக்காட்சி வண்டிகள். இதைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள், எல்லோரும் பார்த்ததுதான். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் உடைமைகள் திரும்பி வரும். பையைத் துவைத்துத் தரவா, அப்படியே தரவா என்று கேட்கும் வழக்கம் உண்டு. ஒரே வீட்டில் அப்பாவும் அம்மாவும் வேறுவேறு பதில் சொன்னால் ஓர் அத்தியாயம் ஆயிற்று.

பிறகு பணம். உலகமே அனுப்பிய நன்கொடையை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கும் கால் இழந்தவருக்கும் ஒரே தொகையா? உடலில் காயமில்லாமல் அலமாரிக்குள் ஒளிந்திருந்த குழந்தைக்கு? கட்டட வாசலில் கைபிடித்து அழுதவர்கள் கூட்டத்தில் எதிரெதிர் வரிசையில் உட்காருவார்கள்.

மூன்றாம் மாதம்போல் பொய்யர்கள் வருவார்கள். சாண்டி ஹூக் நடக்கவே இல்லை, பெற்றோர் நடிகர்கள் என்று வருடக்கணக்கில் சொன்ன வானொலிக்காரர் அலெக்ஸ் ஜோன்ஸ் மீது 2022-இல் கனெக்டிகட் நடுவர் குழு 96.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அதே ஆண்டு துப்பாக்கி தயாரித்த ரெமிங்டன் நிறுவனத்தோடு ஒன்பது குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் உடன்பாடு ஆயிற்று. வழக்கு நாவல் எழுத நினைப்பவர்கள் இந்த இரண்டு வழக்குகளின் போக்கையும் படித்தால் போதும்.

எண்ணிக்கையும் நிலையாக நிற்காது. லாஸ் வேகாஸில் அன்று 58 என்று எண்ணப்பட்டது. காயமடைந்த இருவர் 2019, 2020-இல் இறந்தபின் அது 60 ஆயிற்று. நினைவுச் சின்னம் திறந்தபின் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டி வருவது, எங்களுக்குத் தெரிந்தவரை, இன்னும் நாவலில் சரியாக யாரும் பயன்படுத்தாத சூழ்நிலை.

கட்டடத்தையும் ஒரு பாத்திரமாக எண்ணலாம். பார்க்லாண்டின் அந்தக் கட்டடம் தடயமாகப் பூட்டியே வைக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் நடுவர்கள் உள்ளே நடந்து பார்த்தபோது, 2018 காதலர் தினப் பரிசுகளும் பூக்களும் காய்ந்த ரத்தமும் அப்படியே இருந்தன. 2024-இல்தான் இடித்தார்கள். ஆறு வருடம் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். உட்டோயாவில் பலர் இறந்த பழைய கட்டடத்தின் ஒரு பகுதியை இடிக்காமல், அதைச் சுற்றி 69 தூண்கள் கொண்ட இன்னொரு கட்டடம் எழுப்பினார்கள்.

சுட்டவன் உயிரோடிருந்தால் வழக்கு. ஆஸ்லோவில் ஒவ்வொருவரின் பிரேதப் பரிசோதனை விவரத்துக்குப் பின்னும் அவர் படத்தைக் காட்டி, அவரைப் பற்றிச் சில வரிகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. கிறைஸ்ட்சர்ச்சில் 2020 ஆகஸ்டில் நான்கு நாள் நடந்த தண்டனை விசாரணையில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அவன் முன்னால் நின்று பேசினார்கள். நீதிமன்றக் காட்சியை வழக்கறிஞர்களின் வாதத்தில் செலவழிக்காமல் இந்த வரிசையில் நிற்பவர்களிடம் செலவழியுங்கள். பேசப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் எழுந்து போகும் ஒருவரும் அங்கே இருக்கட்டும்.

9. பக்க அளவுகளும் திருத்தமும்

300 பக்க நாவலில் சூட்டுக்கு அதிகபட்சம் 25 பக்கம். அதையும் ஒரே இடத்தில் தராமல், வெவ்வேறு நினைவுகளாக உடைத்துக் கொடுத்தால் நிமிட அட்டவணையின் நான்காவது பத்தியிலுள்ள முரண்பாடுகள் தாமாக வெளிவரும். பார்வைக்கோணம் மூன்றுக்கு மேல் வேண்டாம்: குடும்பத்தில் ஒருவர், காவல்துறையில் ஒருவர், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒருவர். மூன்றாமவராகக் கண்ட்ரோல் ரூம் பெண்ணையோ, பள்ளிக் காவலாளியின் மனைவியையோ வைக்கலாம்.

உண்மைச் சம்பவத்திலிருந்து நடைமுறையை எடுங்கள், மனிதர்களை எடுக்காதீர்கள். இறந்த ஒரு குழந்தையின் சட்டை நிறம், கடைசிச் சொல், செல்லப் பெயர் எதுவும் உங்களுடையதல்ல. மூன்று நான்கு சம்பவங்களின் நடைமுறைகளைக் கலந்து, இல்லாத ஊரொன்றை உண்டாக்குங்கள். அந்த ஊருக்கு எத்தனை ஆம்புலன்ஸ், மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், ஷெரிஃப் அலுவலகத்தில் இரவில் எத்தனை பேர் என்று எண்ணாகவே எழுதிவையுங்கள். பதினான்கு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இருபது துப்பறிவாளர்கள் நடமாடும் கையெழுத்துப் பிரதிகள் நிறைய வருகின்றன.

திருத்தும்போது மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை நிமிட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை, ஒவ்வொரு காவலரும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் இடத்தையும், குடும்பம் அதையே தெரிந்துகொள்ளும் இடத்தையும் இரண்டு நிறத்தில் கோடிடுங்கள். இரண்டு நிறத்துக்கும் இடையே குறைந்தது ஐந்து இடத்திலாவது நல்ல தூரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களிடம் முடிச்சு இல்லை. மூன்றாம் தடவை, "ரத்த வெள்ளம்", "பிணக்குவியல்", "மரண ஓலம்" என்ற சொற்களைத் தேடி அழியுங்கள். அழித்த இடத்தில் எதையும் போட வேண்டாம். பெரும்பாலும் அதற்கு முந்தைய வாக்கியமே போதுமானதாக இருக்கும்.

முடிவுக்கு, மேசையில் ஒட்டிவைத்த கேள்விக்கு வாருங்கள். பின்கதவு ஏன் பூட்டப்படவில்லை என்பதற்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும், அது குற்றப்புனைவின் கடன். பூட்டு பழுதென்று மூன்று வாரம் முன்பே எழுதிக்கொடுத்தவரும், அந்தத் தாளை இழுப்பறையில் போட்டவரும் யார் என்று வாசகருக்குத் தெரியட்டும். அது தெரிந்த அன்று மாலை அந்தத் தாய் யாருக்கு முதலில் போன் செய்கிறாள் என்பதை எழுதுங்கள், அவர் எடுத்துப் பேசுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.